பதிவில் இல்லாத மழை

1

மூன்று வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமையோடு கவிதா இறந்து ஒரு வருடம் முடிந்தது. தோட்டத்துக் கோயிலில் படையல், வருகிறவர்கள் வரலாம் என்று தோட்டத்து ஆட்களை மேய்க்கும் தண்டல் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். எனக்கென்று தனி அழைப்பு இல்லை. இருந்தாலும் போனேன். அங்கே போய் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் சோறு இறங்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் கடைசி எட்டு வருடம் கேமரன் மலையில், தானா ராத்தாவில். ஒவ்வொரு சித்திரையிலும் என் தம்பி போனில் "ஏசி வாங்கிட்டியாக்கா?" என்று கேட்பான். இங்கே வருடம் முழுக்க ஸ்வெட்டர்தான் என்று சொல்வேன். அடுத்த சித்திரையில் மறுபடி கேட்பான். என் வேலையும் அவனுக்குப் பிடிபட்டதில்லை. "அக்கா மழையைப் பத்திப் படிக்கிறா" என்று கல்யாண வீடுகளில் சொல்லிவைத்திருக்கிறான். அது தப்பும் இல்லை.

நான் தேடுவது பெய்து முடிந்த மழை. இந்த மலையின் உச்சியில் பாசி மூடிய காடு இருக்கிறது. அதன் அடியில் நூற்றாண்டுக் கணக்கில் மட்காமல் ஊறிக் கிடக்கும் கறுப்பு மண். நீண்ட குழாயை இறக்கி அதை உருவி எடுத்தால், அடியில் இருப்பது பழைய காலம், மேலே இருப்பது புதிய காலம். அடுக்கடுக்காகச் சிக்கியிருக்கும் மகரந்தத்தையும் கரித்துகளையும் எண்ணினால், எப்போது மழை கொட்டியது, எப்போது காடு காய்ந்து எரிந்தது என்று ஊகிக்கலாம். அந்த ஊகங்களைக் கணினிக்குக் கொடுத்து, இந்த மலையின் வானிலைக்கு ஒரு மாதிரி உருவாக்குவோம். அந்த மாதிரி சரியா என்று பார்க்க, மனிதர்கள் கையால் அளந்த மழை வேண்டும். கொஞ்ச நஞ்ச வருடம் போதாது.

அப்படி அளந்த மழை லெட்சுமியிடம் இருந்தது.

2

பிரிஞ்சாங்கிலிருந்து கோலா தெர்லா போகும் சாலையில் உள்ளே பிரிகிற தேயிலைத் தோட்டம் அது. பெயர் வேண்டாம். ஆபீசுக்குப் பக்கத்தில் கம்பி வேலிக்குள் ஒரு செப்பு உருளை நிற்கிறது. உருளையின் வாயில் புனல், புனலுக்கு அடியில் போத்தல், வழிவதைப் பிடிக்கப் போத்தலைச் சுற்றி வெளிச்சட்டி. காலை ஏழு மணிக்குப் போத்தலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை கோடு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து எழுதிவருகிறார்கள். கடைசி இருபத்தாறு வருடமாக எழுதியவர் லெட்சுமி.

நான் முதலில் பார்த்தபோது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கொழுந்து பறிப்பதுதான் வேலை. மழை அளப்பது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் செய்கிற உபரி வேலை. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். எண்களைக் குண்டு குண்டாக, கோட்டைத் தொடாமல் எழுதுவார். கணவர் இல்லை. ஒரே மகள் கவிதா, தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியை.

"பசியாறிட்டீங்களா டாக்டர்?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"இல்லக்கா, பசிக்கல."

அவர் சிரித்துவிட்டார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை இங்கே அப்படித்தான் கேட்பார்கள் என்று எனக்குப் பத்து வருடத்துக்குப் பிறகும் உறைக்கவில்லை. கோலாலம்பூரில் நான் பழகியவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் பசியாறுகிறவர்கள்.

"இந்தப் பொஸ்தகத்த வச்சி என்னா செய்வீங்க?" என்று பதிவேட்டைக் காட்டிக் கேட்டார்.

"இந்த மலையோட மழைக்கு ஒரு மாதிரி செய்யப் போறேன்கா. கம்ப்யூட்டர்ல."

"மழ மாதிரியா? மழதான் தெனைக்கும் பேயுதே லா, அதுக்கு மாதிரி எதுக்கு?"

எனக்கு அது நல்ல நகைச்சுவையாகப் பட்டது. பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் பேச்சைத் தொடங்கும்போது இதைச் சொன்னேன். அரங்கம் சிரித்தது. லெட்சுமியின் பெயரைச் சொல்லவில்லை. "ஒரு தோட்டத்துப் பெண்" என்றேன்.

3

நான் பிறந்தது கரிசல் காட்டில் ஒரு சின்ன ஊர். அப்பா அரசாங்கத்தில் கீழ்மட்ட உத்தியோகம் பார்த்தார். ஊர் மழையை அளந்து மேலே அனுப்புவதும் அவர் பொறுப்பு. மழைமானி ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தின் பின்னால் இருந்தது. அதன் வேலியில் சிக்கிக் கிழிந்த முந்தானைத் துண்டும், உள்ளே பீடித் துண்டுகளும் கிடக்கும். அப்பா அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. மாதக் கடைசியில் எழுதும்போது அம்மாவிடம் கேட்பார்.

"போன வாரம் செவ்வாக்கெழமை தூறுச்சுல்ல?"

"தூறுனா என்ன, தூறாட்டி என்ன. வடகம் நனைஞ்சு போச்சு" என்பார் அம்மா.

அப்பா ஓர் எண் எழுதுவார். அந்த எண்ணுக்கு ஜோடியாக இன்னும் சில எண்கள் தாமாகவே வந்து விழும். பத்து வயதில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நானே இரண்டொரு நாளுக்கு மழை சொல்லியிருக்கிறேன். "வியாழக்கெழமைக்கு நாலு போடுங்கப்பா" என்பேன். அப்பா போட்டார். ஆகவே மழைப் பதிவேடு என்றால் என்ன என்று எனக்குப் படிப்பதற்கு முன்பே தெரியும். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் லெட்சுமியின் குண்டு எழுத்துகளைப் பார்க்கும்போது அப்பாவின் பேனாவும் என் கண்ணுக்குத் தெரிந்தது.

4

லெட்சுமி எழுதியவற்றில் ஒரு நாள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. நான் பார்த்த காலத்துக்குப் பதினைந்து வருடம் முந்திய ஒரு நாள். அதற்கு எழுதப்பட்டிருந்த மழை, பதிவேட்டில் அவர் எழுதிய வேறெந்த நாளின் மழையையும் போல இரண்டு மடங்குக்கு மேல். அதே நாளில் தானா ராத்தாவில் அளந்த மழை சாதாரணம். செயற்கைக்கோள் படத்தில் எதுவும் இல்லை. என் மாதிரியை எப்படிப் புரட்டிப் புரட்டி ஓட்டினாலும் அவ்வளவு மழை அந்த இடத்தில் பெய்யவில்லை.

பதிவேட்டோடு லெட்சுமியின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"அன்னைக்கா? நல்லா ஞாபகம் இருக்கு. போத்தலு நெறஞ்சி, வெளிச் சட்டியிலயும் தண்ணி நின்னுச்சி. கெலாஸால மொண்டு மொண்டு ஊத்துனேன். கையி வெறச்சிப் போச்சி. ரெண்டு வாட்டி அளந்தேன் டாக்டர்."

"ரெண்டு தடவை எப்படிக்கா அளப்பீங்க? ஊத்தின தண்ணி போயிடுமே."

"வாளியில புடிச்சி வச்சிருந்தேன் லா. சந்தேகமா இருந்துச்சி, அதான்." பிறகு கையை நீட்டி எதிர்ச்சரிவைக் காட்டினார். "அந்தா, அந்தப் பக்கம் மண்ணு எறங்குச்சி. அப்ப அங்க ஒண்ணும் இல்ல, வெறும் லாலாங் புல்லு. ஒரு மாடு மட்டும் போச்சி."

நான் என் நோட்டில் தமிழில்தான் குறிப்பு எழுதுவேன். அன்றைய குறிப்பு இப்போதும் இருக்கிறது: "வெளிச்சட்டி நிரம்பியது, வாளியில் பிடித்து இருமுறை அளந்தேன் என்கிறார். எதிர்ச்சரிவில் மண் சரிந்தது என்கிறார்." என்கிறார், என்கிறார். இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

ஒட்டாத எண்ணைத் தள்ளிவிடுவது என் துறையில் குற்றம் இல்லை. அதற்கென்று விதிமுறை உண்டு. பக்கத்து நிலையங்களோடு பொருந்தாவிட்டால், இயல்புக்கு மீறிப்போனால், அளந்தவரின் தவறு என்று கொள்ளலாம். அப்படியே கொண்டேன். பதிவேட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் "பிழை" என்று எழுதினேன். எங்கள் வழக்கில் அது ஒரு கலைச்சொல். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லெட்சுமி பதிவேட்டைத் திறந்தபோது, நான் துண்டுச்சீட்டு வைத்திருந்த அந்தப் பக்கத்தைப் புரட்டி அதைப் படித்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

5

நான் மலைக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. என் மகள் நிலாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. கணவருக்கு ஈப்போவில் வேலை. சனி ஞாயிறு வருவார். நிலா மலாயில் படித்து, ஆங்கிலத்தில் கனவு கண்டு, தமிழில் எனக்கு "ம்" மட்டும் சொல்கிற பிள்ளையாக மாறிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கக் கவிதா ஒப்புக்கொண்டாள்.

கவிதாவுக்கு இருபத்தைந்து வயது. காய்கறி லோரி ஓட்டும் சரவணனைக் கட்டிக்கொண்டு, அம்மாவோடு தோட்டத்து வரிசை வீடான பழைய லயத்திலேயே இருந்தாள். அவளிடம் போன இரண்டு வருடத்தில் நிலா தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டாள். பேசவும் செய்தாள். ஆனால் தோட்டத்துத் தமிழ். "அம்மா, நாளைக்கு டவுனுக்குப் போலாமா லா?" என்பாள். நான் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். ஒருநாள் கவிதாவுக்கு எதிரிலேயே, "லா எல்லாம் தமிழ் இல்ல, நிலா" என்றேன். கவிதா சிரித்துக்கொண்டே, "டாக்டர் சொன்னா சரிதான் லா" என்றாள். நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நிலா அவளிடம் போகத் தொடங்கிய வருடம் தோட்ட நிர்வாகம் பழைய லயங்களுக்குப் பதிலாகப் புது வீடுகள் கட்ட முடிவு செய்தது. எதிர்ச்சரிவின் அடியில் ஒரு வரிசை. அனுமதிக்கு ஓர் அரசு அலுவலகம் மழை விவரம் கேட்டது: கடந்த முப்பது ஆண்டுகளில் அங்கே பதிவான ஒருநாள் பெருமழை எவ்வளவு? அதை வைத்துத்தான் தாங்குசுவரும் வடிகாலும். மேனேஜர் என்னிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டார். அவரை அங்கே இன்னும் துரை என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு அந்த மாதம், இந்த நாட்டில் தங்கி வேலை செய்வதற்கான பாஸ் முடிகிற நேரம். தோட்டத்தாரின் ஒத்துழைப்புக் கடிதம் இருந்தால் ஆராய்ச்சித் திட்டம் மூன்று வருடம் நீளும், திட்டம் நீண்டால் பாஸ் நீளும் என்று என் துறைத் தலைவர் சொல்லியிருந்தார். யாரும் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. என் கையில் சுத்தம் செய்த தரவு இருந்தது. அதில் இருந்த பெரிய எண்ணை எழுதினேன். தள்ளிவிட்ட நாளைப் பற்றி அடிக்குறிப்புக்கூட இல்லை. அடிக்குறிப்பு போட்டால் கேள்வி வரும், கேள்வி வந்தால் தாமதமாகும். கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்து அனுப்ப அரை மணி நேரம் ஆயிற்று.

அதே மாதம் என் பாஸ் நீட்டிக்கப்பட்டது. எட்டு மாதத்தில் வீடுகள் எழுந்தன. மூன்றாம் எண் வீடு கவிதாவுக்குக் கிடைத்தது. பழைய லயத்தை விட்டுப் போக மனமில்லை என்று லெட்சுமி அங்கேயே தங்கிவிட்டார்.

6

போன வருடம் அந்த வாரம் முழுக்க மழை விட்டுவிட்டுப் பெய்தது. புதன்கிழமை இரவு விடாமல் பிடித்துக்கொண்டது. விடிந்தும் நிற்கவில்லை. சரவணன் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஈப்போ போயிருந்தான். லெட்சுமி வழக்கம்போல ஏழு மணிக்கு வேலிக்குள் போனார். போத்தல் நிரம்பி வெளிச்சட்டியிலும் தண்ணீர் நின்றது. தண்ணீரை வாளியில் கொட்டிக்கொண்டு, குவளையால் மொண்டு அளக்கத் தொடங்கினார்.

"லோரியில கல்லு கொட்டுற மாதிரி சத்தம்" என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "திரும்பிப் பாக்குறேன், செவரு நிக்குது. செவருக்கு மேல மண்ணு வருது."

தாங்குசுவர் விழவில்லை. மண் அதன் மேலேறி வந்து மூன்று வீடுகளின் மேல் இறங்கியது. சுவர் என் எண்ணுக்குச் சரியாகத்தான் கட்டப்பட்டிருந்தது.

நான் ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். நிலாவின் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்ததால் அவளும் காரில் இருந்தாள். லெட்சுமி கையில் அந்தக் குவளை இருந்தது. யாரோ வாங்கப் பார்த்தார்கள், கொடுக்கவில்லை. மண்வாரி இயந்திரம் வந்து தோண்ட மத்தியானம் ஆகிவிட்டது. முதலில் பக்கத்து வீட்டு வயதான தம்பதியர். பிறகு கவிதா. பாலர் பள்ளிக்குக் கிளம்பியிருக்கிறாள். தலை வாரி, பூ வைத்திருந்தாள். முகத்தைக் கழுவத் தண்ணீர் கேட்டபோது, கொட்டுகிற மழையில் எல்லாரும் தண்ணீருக்காக ஓடினார்கள்.

நிலாவைக் காருக்குள் போகச் சொன்னேன். அவள் போகவில்லை. அன்றிலிருந்து வீட்டில் தமிழ் பேசுவதை விட்டுவிட்டாள். அதிர்ச்சி, சரியாகிவிடும் என்று கணவரிடம் சொன்னேன்.

7

இரண்டு மாதம் கழித்து விசாரணை நடந்தது. லெட்சுமியை அழைக்கவில்லை, பதிவேட்டின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். என்னை அழைத்தார்கள்.

அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சாவு நடந்த நாளின் மழையை லெட்சுமி ஒரு வாரம் கழித்து, வாளியில் மூடிவைத்திருந்த தண்ணீரையும் அளந்து கூட்டி எழுதியிருந்தார். அந்த எண் என் கடிதத்தில் இருந்ததைவிடப் பெரியது. ஆனால் நான் பிழை என்று தள்ளிய எண்ணைவிடச் சிறியது. அதாவது இதைவிடப் பெரிய மழை இதே சரிவில் முன்பே பெய்திருக்கிறது. மண்ணும் அப்போதே இறங்கியிருக்கிறது. அன்றைக்கும் தானா ராத்தாவில் சாதாரண மழை, இந்தத் தடவையும் அப்படியே. மலையின் ஒரு மடிப்புக்குள் மட்டும் கொட்டுகிற மழை அது. என் மாதிரிக்கு அந்த மடிப்பு தெரியாது. லெட்சுமிக்குத் தெரிந்திருந்தது.

விசாரணை மலாயில். ஓர் அதிகாரி பழைய பக்கத்தைக் காட்டி, இந்த எண் ஏன் கடிதத்தில் இல்லை என்று கேட்டார். என் மலாய் சந்தைக்குப் போதும், சபைக்குப் போதாது. "டாத்தா இத்து சாயா புவாங்" என்றேன். தரவிலிருந்து விலக்கினேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் புவாங் என்றால் குப்பையில் எறிவது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் வாழ்க்கையில் முதல் தடவையாக மலாயில் சரியான சொல்லைச் சொல்லியிருந்தேன்.

என்னோடு வந்திருந்த துறைத் தலைவர் உடனே குறுக்கிட்டார். டாக்டருக்கு மொழி தடுமாறுகிறது, அறிவியல் விதிமுறைப்படி விலக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறார் என்று நல்ல மலாயில் விளக்கினார். நான் தலையாட்டினேன். அப்படியே பதிவாயிற்று. அறிக்கை வந்தபோது யார்மீதும் தவறு இல்லை. "பதிவில் இல்லாத மழை" என்று ஒரு வரி இருந்தது. அதற்கு ஆதாரமாக என் கடிதத்தின் எண்.

அறிக்கை வந்த மாதமே நிரந்தரவாசத்துக்கான அடையாள அட்டை, சிவப்பு ஐசி, வந்தது. பதினோரு வருடம் அலைந்து வாங்கியது. கணவர் ஈப்போவிலிருந்து கேக் வாங்கிவந்தார். நிலா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மறுநாள் அது தட்டில் அப்படியே இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவேட்டின் ஆரம்பப் பக்கங்கள் ஆங்கிலக் கையெழுத்தில், சாய்ந்த எழுத்தில் இருக்கின்றன. வெள்ளைக்காரத் துரை காலத்தது. அதிலும் ஒரு நாள் இதே போலத் துருத்திக்கொண்டு நிற்கும் ஓர் எண் உண்டு. பக்கத்து நிலையம் எதுவும் அப்போது கிடையாது, சரிபார்க்க வழியில்லை. அதை நான் தள்ளவில்லை. மண் அடுக்கில் கிடைத்த ஒரு மணல் கோட்டோடு சேர்த்து, பழைய பெருமழைக்குச் சான்று என்று என் கட்டுரையில் போட்டேன். அந்தத் துரை இரண்டு தடவை அளந்தாரா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

8

வியாழக்கிழமை படையல் முடிந்ததும் லெட்சுமி கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் தாம்பாளங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நிலா கொஞ்சம் தள்ளிச் சரவணனோடு நின்றிருந்தாள். ஒரு வருடமாகத் தொண்டையில் இருந்ததை அன்றைக்கு இறக்கிவைத்துவிட வேண்டும் என்று போயிருந்தேன். அவருக்கும் அது ஒரு ஆறுதலாக இருக்கும் என்றே நினைத்தேன். நீங்கள் அளந்தது சரி என்று கேட்க யாருக்குத்தான் பிடிக்காது?

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பழைய மழை, நான் பிழைன்னு எழுதினேனே. அது பிழை இல்லக்கா. நீங்க சரியாத்தான் அளந்திருக்கீங்க. நான்தான் தப்பு."

அவர் குழாயை மூடினார்.

"நா அளந்தது சரியா?"

"சரிக்கா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. ஈரத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டார். சேலை நனைந்தது.

"கவிதா அந்த வீட்டுக்குப் போவ மாட்டேன்னா, டாக்டர். 'அங்கதான மண்ணு எறங்குச்சின்னு சொல்லுவ, அம்மா'ன்னு கேட்டா. நாந்தான் சொன்னேன். 'நா என்னாத்தடி கண்டேன், டாக்டரு படிச்சவங்க, பிழைன்னு எழுதி வச்சிருக்காங்க. கையி வெறச்சதுல எண்ணிக்க மாறிப் போயிருக்கும். பயப்படாம போ'ன்னேன். ஆபீசுல கையெழுத்துப் போட்டு சாவிய வாங்கி அவ கையில குடுத்தது நானு."

"அக்கா" என்றேன்.

"ஒரு வருசமா ஒண்ணே ஒண்ணத்தான் புடிச்சிக்கிட்டு கெடந்தேன். இப்பிடி வரும்னு யாருக்கும் தெரியாது, நா அளந்ததும் தப்புதான், தெரிஞ்சிருக்க முடியாதுன்னு. அதச் சொல்லிச் சொல்லித்தான் சோறு தின்னேன். இப்ப வந்து, ஒனக்குத் தெரிஞ்சிருந்துச்சின்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்ல வரலக்கா..."

"பெரிய ஆபீசுல சொன்னீங்களா இத?"

"இல்லக்கா."

"தொரகிட்ட?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட மட்டும் எதுக்கு வந்து சொல்றீங்க?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. பதிலுக்குக் காத்திருந்தார், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவரைப் போல. எனக்குப் பதில் தெரியும். அவரிடம் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான். அதை வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் குழாயைத் திறந்து அடுத்த தாம்பாளத்தை எடுத்தார்.

"போங்க டாக்டர். இனிமே வராதீங்க."

9

திரும்பும் வழியில் பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி பார்க்க வந்த கார்கள் சாலையை அடைத்திருந்தன. நகர முடியவில்லை. அந்த நெரிசலில் நிலாவிடம் சொல்லத் தொடங்கினேன். பதிவேடு, பென்சில், கடிதம், விசாரணை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள். தமிழில்.

"எப்படி?"

"கவிதா டீச்சர் செத்த மறுவாரம் ஒங்க நோட்டப் படிச்சேன். டேபிள் மேலதான் இருந்துச்சி, ஒங்க லெட்டரோட காப்பியும். 'என்கிறார், என்கிறார்'னு எழுதியிருந்தீங்க." பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான். "நீங்க என்கொயரியில சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்பறம் ஐசி வந்தப்ப சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஒரு வருசம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே நிலா."

"நான் எதுக்குக் கேக்கணும்?"

மறுநாளே விசாரணை அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நிலாவுக்குத் தெரியும்படி அவள் எதிரில் உட்கார்ந்துதான் எழுதினேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். துறைத் தலைவர் போனில் கூப்பிட்டு உனக்குப் பைத்தியமா என்றார். அலுவலகத்திலிருந்து இரண்டு வாரத்தில் மூன்று வரிப் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது. அறிக்கை இறுதி செய்யப்பட்டுவிட்டது. கோப்பு மூடப்பட்டது. தோட்டத்தில் செப்பு உருளையை எடுத்துவிட்டுத் தானாக அளக்கும் கருவி வைத்துவிட்டார்களாம். லெட்சுமி கேட்டுக்கொண்டதாகத் தண்டல் சொன்னார். இப்போது அவர் கொழுந்து மட்டும் பறிக்கிறார்.

நேற்று நிலா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பள்ளி மாறுவதற்கான படிவம். அடுத்த தவணையிலிருந்து ஈப்போவில், அவள் அப்பாவோடு. அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டாளாம். எல்லாக் கட்டங்களையும் அவளே நிரப்பியிருந்தாள். காரணம் என்ற இடத்தில் மலாயில் ஒரே சொல், "கெலுவார்கா". குடும்பம். இது என்ன காரணம், யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

"யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். "சைன் மட்டும் போடுங்க."

போட்டுக் கொடுத்தேன்.